பழைய ஜிப்ஸியை வாரக் கடைசிகளில் சீராக்குவது எப்படி? ஆர்.சி. புத்தகம் முதல் ஹெட்லைட் வரை

கோவையில் வேலை பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறில் மட்டும் கையில் ஸ்பானர் எடுக்க முடிகிற ஒருவன் எழுதுவது இது. 2023-ல், நீலகிரியில் ஓடிக்கொண்டிருந்த 2003 மாடல் மாருதி ஜிப்ஸி கிங் ஒன்றை வாங்கினேன். 1298 சிசி பெட்ரோல் எஞ்சின், நான்கு பக்கமும் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), ஹார்டு டாப் (கெட்டிக் கூரை). வாங்கிய மாதமே அகலமான டயர், கனமான இரும்பு பம்பர், கூரையில் எல்.இ.டி. பார் என்று அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்தேன். எஃப்.சி.க்கு, அதாவது பதிவைப் புதுப்பிக்கும் முன் நடக்கும் தகுதிச் சோதனைக்குப் போன அன்று பத்தே நிமிடத்தில் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பம்பரைக் கழற்று, டயரை மாற்று, சேசிஸ் எண் படிக்க முடியவில்லை, பின் பிரேக் ஒரு பக்கம் பிடிக்கவில்லை. நான்குமே நான் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டியவை.

பழைய நான்கு சக்கர இயக்க வண்டியில் எதை முதலில் செய்வது என்பதில்தான் பணமும் நேரமும் மிச்சமாகும். நான் தலைகீழாகச் செய்தேன். நீங்கள் கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. முதலில் ஆர்.சி.யை வண்டியோடு ஒப்பிடுங்கள்

வண்டியைப் பார்க்கப் போகும்போது டார்ச், கம்பி பிரஷ், வெள்ளைத்தாள், பென்சில் கொண்டு போங்கள். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண், எஞ்சின் எண், நிறம், பாடி வகை, இருக்கை எண்ணிக்கை ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஜிப்ஸிகளில் எஞ்சின் மாற்றியிருப்பது சாதாரணம். மாற்றியதில் தப்பில்லை, ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டதுதான் வம்பு. சாஃப்ட் டாப்பாக (துணிக் கூரை) பதிவான வண்டியில் ஹார்டு டாப் மாட்டியிருந்தாலும் அதே கதைதான்.

சேசிஸ் எண்ணை மட்டும் அவசரப்படாமல் பாருங்கள். என் வண்டியில் அது வலது முன்சக்கரத்தருகே சட்டத்தில் பொறித்திருந்தது. இருபது வருட மலைமழையும் சேறும் சேர்ந்து அதன்மேல் அடை போல் துரு கட்டியிருந்தது. கிரைண்டர் வைக்கவே கூடாது, எண்ணும் சேர்ந்து போய்விடும். துரு நீக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து ஒரு மணி நேரம் ஒட்டி வைத்தேன். பிறகு பித்தளைக் கம்பி பிரஷால் மெதுவாகத் தேய்த்து, தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்து உரசினேன். கடைசி இரண்டு எழுத்துகள் மூன்றாம் முயற்சியில்தான் தெளிவாக விழுந்தன. எண் தெரிந்ததும் அந்த இடத்தில் கிரீஸ் பூசி விடுங்கள். பெயின்ட் அடிக்க வேண்டாம்.

நிறத்திலும் ஒரு கண் வையுங்கள். ராணுவப் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே என்று மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது என்று அந்த நிறத்தில் வாங்கினால், பெயின்ட் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். ஏலச் சீட்டு மட்டும் இருக்கிறது, ஆர்.சி. பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் ராணுவ ஏல வண்டிகளை, புதியவர் என்றால் தொடவே வேண்டாம்.

பெயர் மாற்றத்துக்கு படிவம் 29, படிவம் 30. வண்டிமேல் கடன் இருந்திருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். கேரளாவிலிருந்தோ கர்நாடகாவிலிருந்தோ வாங்கினால் படிவம் 28-ல் அங்கிருந்து தடையின்மைச் சான்று வர வேண்டும், இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். அந்த வரியைக் கணக்கில் சேர்த்தால் ‘சல்லிசாகக் கிடைத்த’ வண்டி அப்படியொன்றும் சல்லிசில்லை என்று தெரியும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் கையோடு மாற்றிவிடுங்கள், அதற்கு 14 நாள்தான்.

2. எஃப்.சி. தேதியை வைத்து வேலையைத் திட்டமிடுங்கள்

தனியார் வண்டிக்குப் பதிவு 15 வருடம், அதன்பின் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் படிவம் 25. பதிவு முடியும் தேதிக்கு 60 நாளுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும். அறுபது நாள் என்றால் எட்டு வாரக் கடைசி. இந்தக் கட்டுரையில் உள்ள அவசியமான வேலைகளுக்கு எட்டே போதும். அந்த நாள்களைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

கட்டணம் நான் கட்டியபோது 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி 20 வருடத்தைத் தாண்டிய கார், ஜீப் வகைக்கு அது 10,000. உங்கள் வண்டி 19 வயதில் இருக்கிறதா, 21 வயதில் இருக்கிறதா என்பதை விலை பேசும்போதே பாருங்கள். தமிழ்நாட்டில் இதோடு பசுமை வரியும் கட்ட வேண்டும். தேதி தவறினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடிக்கொண்டே போகும். பட்டறையில் நிற்கும் வண்டிதானே, மெதுவாகப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். நிற்கும் வண்டிக்கும் இந்த மீட்டர் ஓடும்.

கையில் இருக்க வேண்டியவை: அசல் ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று, பான் கார்டு, சேசிஸ் எண் பென்சில் பிரதி. புகைச் சான்று இந்த வயது வண்டிகளுக்கு ஆறு மாதம்தான் செல்லும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை 2022 ஜூன் கட்டணப்படி 3,416 ரூபாய், வரி தனி. முழு இன்சூரன்ஸ் எடுப்பதானால், ஐந்து வருடத்தைத் தாண்டிய வண்டிக்கு மதிப்பை நீங்களும் நிறுவனமும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அவர்கள் முதலில் சொல்லும் தொகைக்குத் தலையாட்ட வேண்டாம். வண்டியின் படங்களையும் வேலை செய்த பில்களையும் காட்டிக் கேளுங்கள்.

3. ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் போகாதீர்கள்

இரண்டு டன் டிராலி ஜாக்கி ஒன்று, ஜாக் ஸ்டாண்டு இரண்டு ஜோடி, சக்கரத்துக்கு வைக்க மரக்கட்டை நான்கு. இவை இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். எனக்கு எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ரூபாய் சுமார் ஆனது. செங்கல், ஹாலோ பிளாக் மேல் வண்டியை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஸ்டாண்டில் ஏற்றியதும் வண்டியைப் பக்கவாட்டில் நன்றாக ஒரு முறை தள்ளிப் பாருங்கள். ஆடினால் இறக்கித் திரும்ப ஏற்றுங்கள்.

ரிங் ஸ்பானர் செட், பாக்ஸ் ஸ்பானர் செட், டார்க் ரெஞ்ச், கிரீஸ் கன் போதும். கழற்றுகிற வேலைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவே எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெயை அடித்து வையுங்கள். காலையில் பாதி வேலை முடிந்திருக்கும்.

4. பிரேக்: முதல் இரண்டு வாரக் கடைசிகள்

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிரம் துருவில் ஒட்டிக்கொண்டு வராது. சுத்தியலால் அடிக்காதீர்கள், விளிம்பு தெறிக்கும். டிரம் முகத்தில் மரை வெட்டிய இரண்டு ஓட்டைகள் இருக்கும், 8 எம்.எம். போல்ட் இரண்டை அதில் மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானாகத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். உள்ளே வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை நகத்தால் தூக்கிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் சிலிண்டரை மாற்றிவிடுங்கள். வாஷர் மட்டும் மாற்றி ஓட்டலாம் என்று சொல்வார்கள். உள்சுவரில் துருப்புள்ளி விழுந்திருந்தால் புது வாஷரும் மூன்று மாதத்தில் கிழிந்துவிடும்.

முன் கேலிப்பரில் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) சறுக்கும் பின்கள் இறுகியிருந்தால் ஒரு பக்கப் பேடு மட்டும் தேய்ந்திருக்கும். கழற்றிய கேலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் பட்டையில் கட்டி வையுங்கள்.

பிரேக் ஆயில் புதிதாக மாற்றும்போது காற்றெடுக்க ஆள் தேவை. என் மகள் சீட்டில் உட்கார்ந்து ‘அமுக்கு’, ‘பிடி’, ‘விடு’ என்ற மூன்று சொல்லுக்கும் சரியாக வேலை செய்தாள், நாற்பது நிமிடத்தில் முடிந்தது. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். சில வண்டிகளில் பின் ஆக்ஸிலுக்கு மேலே சுமைக்கேற்பப் பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு இருக்கும், அதிலும் காற்றெடுக்க ஒரு நிப்பிள் உண்டு. அதை மறந்தால் பெடல் கடைசிவரை ஸ்பாஞ்சு மாதிரியே இருக்கும். பிரேக் ஆயில் பெயின்ட்டை உரிக்கும், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

பேடு, ஷூ, இரண்டு வீல் சிலிண்டர், ஆயில் எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது சுமார் 5,500 ரூபாய்.

5. ஸ்டியரிங் ஆட்டம்: நக்கிளைத் திறக்கும் வேலை

60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு படபடவென அடிக்கிறதா? பழைய ஜிப்ஸி வைத்திருப்பவர்களில் பலருக்கு இது தெரியும். எல்லோரும் முதலில் சொல்வது வீல் பேலன்ஸ், அலைன்மென்ட், ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்). நானும் வரிசையாக மூன்றையும் செய்தேன். புது டேம்பர் மாட்டியதும் இரண்டு வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி ஆனது. டேம்பர் ஆட்டத்தை மறைக்கும், தீர்க்காது.

சோதனை எளிது. முன்சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் அமுக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் பேரிங், அதாவது சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சாணியின் பேரிங். என் வண்டியில் நிற்கவில்லை.

முன் டிஃப்ரன்ஷியல் (ஆக்ஸிலில் உள்ள கியர் பெட்டி) ஆயிலை முதலில் வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆக்ஸிலை உருவும்போது அத்தனையும் தரையில் கொட்டும். பிறகு சக்கரம், கேலிப்பர், ஹப், ஸ்பிண்டில் என்று கழற்றிக்கொண்டே வந்தால் ஆக்ஸில் வெளியே வரும். நான் இடது பக்கம் ஸ்பிண்டிலை இழுத்ததும், கிரீஸ் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ராகிக்கூழ் பதத்தில் கறுப்பாக ஏதோ வழிந்தது. உள்சீல் போய், டிஃப்ரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் (ஆக்ஸில் முனையில் சக்கரத்தோடு திரும்பும் பாகம்) வந்து கிரீஸையெல்லாம் கரைத்திருந்தது. கிங் பின் பேரிங்கின் வெளிவளையத்தில் உருளைகள் நின்ற இடமெல்லாம் கோடு கோடாகத் தழும்பு. விரலை வைத்துத் தடவினால் சீப்பு மாதிரி நெருடியது. வருடக்கணக்காக நேராகவே ஓடும் வண்டியில் பேரிங் ஒரே இடத்தில் அடிவாங்கி இப்படித்தான் ஆகும்.

இங்கே இரண்டு விஷயம் கவனம். மேல் கிங் பின்னுக்கும் கீழ் கிங் பின்னுக்கும் அடியில் ஷிம்கள் என்ற மெல்லிய தகடுகள் இருக்கும், எது எங்கே இருந்தது என்று தனித்தனிக் கவரில் எழுதி வையுங்கள். அடுத்து, ஆக்ஸில் முனையிலுள்ள ஜாயிண்டைச் சாய்த்துப் பிடித்தால் உள்ளேயுள்ள இரும்புக் குண்டுகள் உதிரும், அதனால் நேராகவே உருவி எடுங்கள்.

புதுப் பேரிங் போட்டதும் இறுக்கம் சரியா என்று பார்க்க ஒரு ஸ்பிரிங் தராசு போதும். வெளிச்சீல் மாட்டுவதற்கு முன், டைராடு எண்ட் உட்காரும் ஓட்டையில் தராசுக் கொக்கியை மாட்டி நேராக இழுங்கள். நக்கிள் நகரத் தொடங்கும்போது முள் 1 முதல் 1.8 கிலோவுக்குள் காட்ட வேண்டும். பழைய பேரிங்கில் எனக்கு அரைக் கிலோ கூட வரவில்லை. புதியது போட்டு ஒரு ஷிம்மை எடுத்ததும் 1.4 வந்தது. அன்று மாலை மேட்டுப்பாளையம் சாலையில் 80-ல் போனேன், ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடிக்க முடிந்தது.

பக்கத்துக்கு ஒரு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேரிங், சீல்கள், கிரீஸ் சேர்த்து நான்காயிரம் ரூபாய்க்குள் முடியும். உள்சீலை மாற்றாமல் மூடாதீர்கள். இருநூறு ரூபாய்ச் சீலுக்காக மறுபடி ஒரு நாள் போய்விடும்.

6. ஆயில் மாற்றம்: ஊற்றும் போல்ட்டை முதலில்

“தம்பி, மேல இருக்கிற போல்ட்ட மொதல்ல கழட்டுங்க, அப்புறம் கீழ” என்று தெருமுனை மெக்கானிக் அண்ணன் சொன்னது என்னைக் காப்பாற்றியது. வடிக்கும் போல்ட்டைக் கழற்றி ஆயிலையெல்லாம் இறக்கிவிட்டு, ஊற்றும் போல்ட் துருவில் அசையவில்லை என்றால் வண்டியை எங்கும் எடுத்துப் போக முடியாது.

கியர் பாக்ஸ் 1.3 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் விசையை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரிக்கும் பெட்டி) 0.8, முன் டிஃப்ரன்ஷியல் 2, பின் டிஃப்ரன்ஷியல் 1.5. மொத்தம் 5.6 லிட்டர், ஆறு லிட்டர் வாங்கினால் சரியாக இருக்கும். ஆனால் எல்லாம் ஒரே ஆயில் இல்லை. டிஃப்ரன்ஷியலுக்கு ஜி.எல்.5, கியர் பாக்ஸுக்கு ஜி.எல்.4 (ஆயில் டப்பாவில் இருக்கும் தரக் குறியீடு). கியர் பாக்ஸில் ஜி.எல்.5 ஊற்றினால் பித்தளைச் சிங்க்ரோ வளையங்களுக்கு ஆகாது. பழைய ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடையில் இறங்கிய வண்டி என்று அர்த்தம், டிஃப்ரன்ஷியல் பிரீதர் (காற்று போய்வரும் துளை) அடைத்திருக்கிறதா பாருங்கள். ஒரு மீட்டர் ஹோஸ் மாட்டி பிரீதரை எஞ்சின் அறை உயரத்துக்கு ஏற்றிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸிலிருந்து தனியாக நிற்கிறது. அதனால் ப்ராப்பல்லர் ஷாஃப்ட் மூன்று, கிராஸ் (ஷாஃப்ட் முனையில் உள்ள மூட்டு) ஆறு. ஆறுக்கும் அன்றைக்கே கிரீஸ் அடித்துவிடுங்கள். வண்டி கிளம்பும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தால் அவற்றில் ஒன்று போய்விட்டது.

7. பெட்ரோல் ஹோஸும் டைமிங் பெல்ட்டும்

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இருபது வருடப் பழைய ரப்பர் ஹோஸ் அதைத் தாங்காது. டேங்கிலிருந்து எஞ்சின் வரை எல்லா ஹோஸையும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கென்றே வரும் ஹோஸாக, கிளாம்ப்போடு மாற்றுங்கள். ஃபில்டரும் சேர்த்து 1,500 ரூபாய். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று விற்றவருக்குத் தெரியாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையை நான் மெக்கானிக்கிடம் கொடுத்தேன், நீங்களும் கொடுங்கள்.

8. நான்கு சக்கர இயக்கத்தைச் சோதியுங்கள்

மண் தரையில் மட்டும். ஜிப்ஸியில் நடு டிஃப்ரன்ஷியல் இல்லை. காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரத்திலும் போட்டுத் திருப்பினால் ஷாஃப்டும் கிராஸும் முறுக்கேறி உடையும். என் வண்டியில் முன்சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்க, கையால் திருப்பும் ஹப் மாட்டியிருந்தது. பல வருடம் யாரும் திருப்பாததால் ஒரு பக்கம் இறுகிப்போய், லீவரைப் போட்டாலும் முன்சக்கரம் இழுக்கவில்லை. கழற்றி, பெட்ரோலில் கழுவி, மெல்லிய கிரீஸ் பூசியதும் வேலை செய்தது. மாதத்தில் ஒரு நாள் ஒரு கிலோமீட்டராவது மண்பாதையில் நான்கு சக்கரத்திலும் ஓட்டுங்கள். முன் ஆக்ஸிலுக்கும் ஆயில் போகும், சீலும் காயாது.

9. இனி அப்கிரேட்

வண்டியை நிறுவனம் தந்த வடிவத்திலிருந்து மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. பம்பருக்கு முன் மாட்டும் கிராஷ் கார்டை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நீள ஷேக்கிள் (பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் பாகம்) போட்டு வண்டியை உயர்த்தினால் முன் ஆக்ஸிலின் கோணம் மாறி, அரும்பாடுபட்டு நிறுத்திய ஸ்டியரிங் ஆட்டம் திரும்ப வரும்.

சட்டத்துக்குள்ளேயே நல்ல வேலைகள் இருக்கின்றன. நான் செய்ததில் மிகப் பயனுள்ளது ஹெட்லைட்டுக்கு ரிலே வயரிங். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பில் 11.6 மட்டுமே. மீதி பழைய சுவிட்சிலும் வயரிலும் போய்க்கொண்டிருந்தது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து, இரண்டு ரிலே வழியாகத் தனி வயர் இழுத்ததும் பல்பில் 13.4. பல்பு அதே 60/55 வாட்தான், ஆனால் பர்லியாறு வளைவுகளில் ஓரக்கல் தெளிவாகத் தெரிந்தது. செலவு 1,200 ரூபாய், ஒரு சனிக்கிழமை மதியம்.

பட்டை புஷ், ஷேக்கிள் புஷ், யூ போல்ட் எல்லாவற்றையும் புதிதாக்குங்கள், சவாரி பாதி மென்மையாகும். ஒரு பட்டையை உருவி எடுத்தால் சொகுசாக இருக்கும் என்பார்கள். ஆளும் சாமானும் ஏறும் நாளில் மீதிப் பட்டை உடையும், எடுக்காதீர்கள். டயர் 205/70 ஆர்15, அதே அளவில் நல்லதாக. பிறகு சேசிஸைக் கழுவி, மூன்று நாள் வெயிலில் காயவிட்டு, துரு தடுக்கும் மெழுகை உட்புறம் அடியுங்கள். ஈரத்தின்மேல் அடித்தால் துருவை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும்.

10. பாகங்கள் எங்கே வாங்குவது

புதிய பாகங்களுக்குச் சென்னை ஜி.பி. ரோடு, பழைய கதவு, கண்ணாடி, சீட், பாடி பாகங்களுக்குப் புதுப்பேட்டை. கோவையில் உக்கடம். எங்கே போனாலும் கழற்றிய பாகத்தைக் கையில் எடுத்துப் போங்கள், போட்டோ காட்டினால் வேறு மாடலுக்கானது வந்துவிடும். பேரிங்கையும் சீலையும் ஜிப்ஸி பாகம் என்று கேட்காதீர்கள். வெளிவளையத்தில் உள்ள எண்ணைப் படித்துச் சாதாரண பேரிங் கடையில் கேட்டால் விலை குறையும், நல்ல நிறுவனப் பொருளும் கிடைக்கும். பிரேக், ஸ்டியரிங், சீல் இந்த மூன்றிலும் பழையது வாங்கவே வேண்டாம்.

வெள்ளிக்கிழமைக்குள் பாகம் கையில் வராவிட்டால் சனிக்கிழமை வண்டியைக் கழற்றாதீர்கள். ஒரு சீலுக்காக என் வண்டி ஒன்பது நாள் ஸ்டாண்டில் நின்றது. எட்டாவது வாரக் கடைசியை வேலை எதுவும் வைக்காமல் விடுங்கள். அன்று ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி, எல்லா போல்ட்டையும் திரும்ப இறுக்கி, ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர், பின் விளக்கு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பைலை அடுக்கி வைத்துவிட்டுத் திங்கட்கிழமை எஃப்.சி.க்குப் போங்கள். இரண்டாம் முறை நான் அப்படித்தான் போனேன். ஆய்வாளர் சேசிஸ் எண்ணை டார்ச் அடித்துப் படித்தார், பிரேக்கை ஒரு முறை அமுக்கிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.